சென்னையில் நாலு நாள் த்ரில்: எந்த மாதம், எந்த நேரம்?

கேள்வி இது: மலேசியாவிலிருந்து மூன்று நண்பர்கள் நாலு நாள் சென்னைக்கு வருகிறார்கள். கோயில், பட்டுப்புடவை, மால் எதுவும் இந்த முறை வேண்டாம். நெஞ்சு படபடக்கிற மாதிரி எதையாவது செய்யவேண்டும், அல்லது ஆயிரக்கணக்கானவர்களோடு உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துகிற மாதிரி ஒரு ஆட்டம் பார்க்கவேண்டும். எங்கே போகலாம்?

எந்த மாதம் வருகிறீர்கள் என்று சொல்லவில்லையே! சென்னையில் எல்லாமே அதைப் பொறுத்துத்தான். சாகசத்துக்கும் சரி, ஆட்டத்துக்கும் சரி, இங்கே நேரம் குறித்துக் கொடுப்பது கடலும் வெயிலும்தான். பிப்ரவரியில் புதியவர்களைத் தைரியமாக அலையில் இறக்கிவிடும் கோவளம், நவம்பரில் நன்றாக நீந்துகிறவரையும் மிரட்டும். அதே போல, ஒரே மைதானம் பகல் 12 மணிக்கு ஒரு மாதிரி, இரவு 8 மணிக்கு வேறு மாதிரி. அதனால் மாதத்தையும் மணியையும் கூடவே சொல்லிக்கொண்டு போகிறேன். உங்கள் தேதிக்கு எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடலிலிருந்து தொடங்குவோம். சென்னையில் நாலு நாளில் கற்றுக்கொண்டு திரும்பக்கூடிய சாகசங்களில் முதலிடம், பலகைமேல் நின்று அலையில் சறுக்கும் சர்ஃபிங்குக்குத்தான் என்பது என் உறுதியான கருத்து. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் போனால் கோவளம், இன்னும் கொஞ்ச தூரத்தில் மாமல்லபுரம். இரண்டும் மீனவர் வாழும் ஊர்கள். கோவளத்தில் இந்த விளையாட்டு வேர்விடக் காரணமானவர்களில் முக்கியமானவர் மூர்த்தி மேகவன், அவரும் மீனவர்தான். ஊர்ப் பிள்ளைகளுக்கு அலையேறக் கற்றுக்கொடுத்து ஒரு தலைமுறையையே உருவாக்கினார். இன்று அங்கே உங்களுக்குச் சொல்லித்தரப் போகிறவர்களில் பலர் அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கடலின் முகம் மாறுவதை நாம் பார்ப்பதற்கு முன்பே அவர்கள் பார்த்துவிடுவார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் தனிநபர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

போட்டியை ஆகஸ்டில் வைத்ததற்குக் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், தெற்கே வெகுதூரத்தில் பெருங்கடலில் எழும் அலைகள் வரிசை கலையாமல் வங்காள விரிகுடாவுக்குள் ஏறி வருகின்றன. மே முதல் செப்டம்பர் வரை அலை உயரமாகவும் வலுவாகவும் இருக்கும். ஏற்கனவே பலகையில் நிற்கத் தெரிந்தவர்களுக்கு அதுதான் பொற்காலம். முதல் தடவை என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை வாருங்கள். அலை சின்னதாக, ஒழுங்காக வரும். அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம் என்று கடல் கலங்கியிருக்கும். அந்த மாதங்களில் சர்ஃபிங்கை நம்பி டிக்கெட் போடவேண்டாம்.

மணிக் கணக்கும் அவ்வளவு முக்கியம். விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அந்தக் காற்று எதிரே வரும் அலையின் முகத்தைத் தாங்கிப் பிடிப்பதால், அலை சட்டென்று உடையாமல் நிதானமாகச் சுருளும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, நண்பகல் வாக்கில் கடல்காற்று உள்ளே வர ஆரம்பிக்கும். அப்புறம் தண்ணீர் முழுக்கக் கசகசவென்று ஆகிவிடும். அதனால் காலை 6 மணி வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். 10 மணி வகுப்புதான் காலி என்றால், அடுத்த நாள் காலைக்குக் காத்திருப்பது மேல்.

வகுப்பில் முதல் அரைமணி நேரம் மணலில்தான். பலகையில் குப்புறப் படுத்து, இரண்டு உள்ளங்கைகளையும் மார்புக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரே தள்ளலில் எழுந்து பக்கவாட்டில் நிற்கவேண்டும். பின்னங்காலைப் பட்டையால் பலகையோடு கட்டிவிடுவார்கள். அப்புறம் இடுப்பளவு தண்ணீர். பயிற்சியாளர் பலகையின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும் அலையையே பார்த்துக்கொண்டிருப்பார். சரியான நொடியில் ஒரு தள்ளு, "எழுந்திரு!" என்று ஒரு கத்தல். முழங்காலை ஊன்றி எழ முயல்கிறவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். கால்பாதத்தைப் பார்க்காமல் கரையில் ஒரு தென்னையைப் பார்த்தபடி எழுந்தால் நின்றுவிடுவீர்கள். நெஞ்சும் முட்டியும் பலகையில் உரசிச் சிவந்துவிடும் என்பதால் உடம்போடு ஒட்டிய கைவைத்த சட்டை கேளுங்கள், பெரும்பாலும் அங்கேயே தருவார்கள்.

இதோடு ஒரு எச்சரிக்கை, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கோவளத்தில் அலை பழகிவிட்ட தெம்பில் மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ கடலில் இறங்காதீர்கள். மெரினாவில் குளிக்கப் போலீஸ் தடை இருக்கிறது, நியாயமான தடை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டிய பிறகு, கரையோரமாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அதன் தென்பக்கத்தில் தடைபட்டுத் தேங்கியதால்தான் மெரினா இத்தனை அகலமானது. கரையில் பரந்து கிடக்கும் மணலைப் பார்த்துத் தண்ணீருக்குள்ளும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறார்கள். நாலடி வைத்தாலே ஆழம் சட்டென்று இறங்கிவிடும், அலை திரும்பும்போது காலுக்கடியில் மணலை அரித்து இழுக்கும். எந்தக் கடற்கரையிலும் அப்படி இழுபட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வந்துவிட்டுப் பிறகு திரும்புங்கள்.

ஸ்கூபா டைவிங்கும் கேட்பீர்கள் என்று தெரியும். சென்னைக் கரையோரம் தண்ணீர் பெரும்பாலும் கலங்கல். கடலுக்கடியில் எதையாவது கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புதுச்சேரிக்குப் போய்விடுங்கள். நீச்சல் தெரியாதவர்களுக்கும் பயிற்சியாளர் கூடவே வந்து கூட்டிப்போகும் அறிமுக டைவ் உண்டு. இதைப் பயணத்தின் கடைசி நாளில் மட்டும் வைக்காதீர்கள். ஆழத்தில் சுவாசிக்கும்போது உடம்பில் கரையும் நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அது இருக்கும்போதே விமானத்தில் ஏறினால், அழுத்தம் குறைந்து குமிழாகி மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை கொண்டுபோய்விடலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் இடைவெளி விடவேண்டும்.

சரி, இனி ஆட்டம் பார்க்கும் பக்கம் வருவோம். சேப்பாக்கத்துக்குப் போகாமல் சென்னையில் ஆட்டம் பார்த்தேன் என்று யாரிடமும் சொல்லவே முடியாது. அங்கே 1916இல் உருவான எம்.ஏ.சிதம்பரம் கிரிக்கெட் மைதானம், 1934இலிருந்து டெஸ்ட் பார்த்துவருகிறது. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை 1952இல் இங்கிலாந்துக்கு எதிராக இங்கேதான் பெற்றது. 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவோடு ஆடிய டெஸ்ட், கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் 'டை'யில், அதாவது இரண்டு அணியும் சம ரன்னில், முடிந்தது. டெஸ்ட் வரலாற்றிலேயே அது இரண்டாவது டை. அந்த ஆட்டத்தில் டீன் ஜோன்ஸ் சென்னை வெயிலில் வாந்தியெடுத்துக்கொண்டே 210 ரன் அடித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றிக்கொண்டார். இங்கே வெயிலும் ஒரு ஆட்டக்காரர் என்று இதனால்தான் சொல்கிறேன்.

ஆனால் சேப்பாக்கத்தை மற்ற மைதானங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் கூட்டம். 1999 ஜனவரி 31. பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றிக்கு 271 ரன் வேண்டும். முதுகுவலியோடு சச்சின் 136 அடித்து, அணியை 254 வரை கொண்டுவந்துவிட்டு ஆட்டமிழந்தார். அப்போது தேவை 17 ரன், கையில் மூன்று விக்கெட். மூன்றும் நாலு ரன்னுக்குள் போய்விட்டன. 12 ரன்னில் தோல்வி. மைதானம் சில நொடி உறைந்து போனது. பிறகு மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அவர்களும் மைதானத்தைச் சுற்றி ஓடி அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். 1997இல் இதே மைதானத்தில் சயீத் அன்வர் 194 அடித்தபோதும் கைதட்டிய ஊர் இது. நல்ல ஆட்டத்தை அடையாளம் கண்டு, அது எதிரணியுடையதாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்கிற கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஈடாக எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

ஐபிஎல் சீசனில், பெரும்பாலும் மார்ச் கடைசி முதல் மே வரை, மஞ்சள் சட்டைக் கூட்டத்தைப் பார்க்கலாம். தோனி ஆடினால், அவர் இறங்கும்போது எழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. டிக்கெட் ஆன்லைனில் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். வாலாஜா சாலையில் நின்று பிளாக்கில் விற்பவரிடமும், முகம் தெரியாதவரிடம் வாட்ஸ்அப்பிலும் வாங்காதீர்கள். போலி என்று வாசலில்தான் தெரியவரும். கிடைக்கவில்லையா? விட்டுவிடுங்கள். டெஸ்ட் இருந்தால் அதற்குப் போங்கள், முதல் நாள் இல்லாவிட்டால் நாலாம் நாள். ஆடுகளம் உடைந்து பந்து சுழல ஆரம்பித்து, பேட்ஸ்மேனைச் சுற்றி நாலைந்து பேர் குனிந்து நிற்கும் சேப்பாக்கத்து நாலாம் நாள் மாலை, எந்த டி20யையும்விட அதிகமாக நெஞ்சை அடைக்கும். பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிலையம் மைதானத்தை ஒட்டியே இருக்கிறது. மெட்ரோ என்றால் அரசினர் தோட்டத்தில் இறங்கி வாலாஜா சாலையில் நடக்கவேண்டும். பகல் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கும்போது எந்த ஸ்டாண்டில் எந்த நேரம் வெயில் படும் என்று உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

கூட்டம், வெயில் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லியாகவேண்டும். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி நடந்தது. லட்சக்கணக்கில் மக்கள் திரண்டார்கள். நிழலில்லாத மணலில், உச்சிவெயில் நேரம். அன்று ஐந்து பேர் உயிரிழந்தார்கள். வேடிக்கை பார்ப்பதில் என்ன ஆபத்து என்று நினைக்காதீர்கள். திறந்தவெளியில் பகல் நிகழ்ச்சி எதற்குப் போனாலும் தொப்பி, தண்ணீர், கொஞ்சம் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கையில் இருக்கட்டும். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து ரயில் நிலையத்துக்கு முண்டியடிக்காமல் அரைமணி நேரம் ஒதுங்கி நின்று கிளம்புங்கள்.

வேகம் பிடிக்கும் என்றால் இருங்காட்டுக்கோட்டை. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, 1990இலிருந்து இருக்கும் பந்தயத் தடம், நீளம் 3.7 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்கு முன்னால் பந்தயங்கள் நடந்தது சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில். 'சோழவரம் ரேஸ்' என்று சொன்னால் இன்றும் வயதானவர்கள் முகம் மலர்ந்துவிடும். 2005இல் ஃபார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியரான கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும், 2010இல் அதே ஃபார்முலா 1க்குப் போன சென்னைக்காரர் கருண் சந்தோக்கும் இந்தத் தடத்தில் ஓட்டியவர்கள்தான்.

தேசிய கார், பைக் பந்தயங்கள் சில வார இறுதிகளில் இங்கே நடக்கின்றன. கிரிக்கெட் அளவுக்குக் கூட்டம் வராது, அதுதான் பார்க்க வருகிறவருக்கு லாபம். வளைவுக்குப் பக்கத்தில் வேலியோரமாக நின்றால், பைக் ஓட்டுபவர் முழங்காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு சாய்ந்து திரும்புவது அப்படியே தெரியும். முட்டியில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் கட்டை தார்மேல் உரசும் சத்தம்கூடக் கேட்கும். அடுத்த நொடி பத்துப் பன்னிரண்டு பைக் ஒன்றாகக் கடந்துபோகும்போது அந்த அதிர்வு வயிற்றில் வந்து இறங்கும். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி நேப்பியர் பாலம் வழியாக 3.5 கிலோமீட்டர் தெருத் தடத்தில் இரவுப் பந்தயமும் நடந்தது. அதற்கு முன் 2023 டிசம்பரில் நடத்தத் திட்டமிட்டிருந்ததை மிக்ஜாம் புயல் தள்ளிப்போட வைத்துவிட்டது. மறுபடி மாதமும் மழையும்தான்! அது ஒவ்வொரு வருஷமும் இருக்கும் என்று நம்பி வராதீர்கள், இருங்காட்டுக்கோட்டை அட்டவணையை மட்டும் பாருங்கள். நீங்களே ஓட்டவேண்டும் என்றால், சின்னப் பந்தயக் கார் ஓட்டும் கார்ட்டிங் இருக்கிறது. வாடகை பைக் எடுத்துக்கொண்டு ஈ.சி.ஆரில் ராத்திரி ரேஸ் விடும் பையன்களோடு மட்டும் சேர்ந்துவிடாதீர்கள். மாடு குறுக்கே வரும், டிவைடர் இடைவெளியில் குடும்பத்தோடு ஒருவர் திரும்புவார். செத்துப்போகிறவர் அந்த இன்னொருவராகவும் இருக்கலாம்.

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஹாக்கி இருந்தால் கட்டாயம் போங்கள். கேலரி ஆடுகளத்துக்கு மிக நெருக்கம், டிக்கெட்டும் மலிவு. 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில், பாதி ஆட்டம் முடியும்போது உங்கள் மலேசியா 3-1 என்று முன்னிலையில் இருந்தது. இந்தியா திரும்பி வந்து 4-3 என்று ஜெயித்தது. அன்று மைதானத்தில் இருந்தவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். கபடி என்றால் புரோ கபடி லீக் அணியான தமிழ் தலைவாஸின் ஆட்டம் உள்ளரங்கில் ஏசியோடு நடக்கும், பார்க்க வசதி. எனக்குப் பிடித்தது செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்து ஊர்களில் பொங்கலையும் திருவிழாவையும் ஒட்டி ராத்திரியில் நடக்கும் மண் கபடி. சுண்ணாம்புக் கோடு, மூங்கிலில் கட்டிய ஃபோகஸ் லைட், மைக்கில் மூச்சுவிடாமல் பேசும் ஊர் வர்ணனையாளர். பாடிப் போகிறவர் கோட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் அமுக்கப்படுவதை, நாலடி தள்ளி நின்று பார்க்கலாம். சுவரொட்டி ஒட்டியிருப்பார்கள், டிக்கெட் பெரும்பாலும் கிடையாது, யார் வேண்டுமானாலும் போகலாம்.

மலையேற்றத்தைப் பற்றிச் சுருக்கமாக. சென்னையைச் சுற்றி உயரமான மலை இல்லை. இளைஞர்கள் பெரும்பாலும் ஆந்திர எல்லை தாண்டி நாகலாபுரம், தடா அருவிப் பக்கம் போகிறார்கள். வழுக்குப்பாறையும் ஆழமான மடுவும் உள்ள இடங்கள் அவை. மழை நாளில் மேலே பெய்யும் வெள்ளம் சொல்லாமல் வந்துவிடும். வனத்துறை அனுமதி இல்லாமல், வழி தெரிந்தவர் இல்லாமல் போகவேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னையிலிருந்து போன குழுவும் அதில் இருந்தது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை ஆன்லைன் முன்பதிவோடு, உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்தது. சென்னைக்காரர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகை. பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்த இடம். உருண்டைக் கூழாங்கற்களைச் சிமெண்டில் குழைத்துக் கொட்டியது போன்ற பாறை தலைக்கு மேல் குடையாக வளைந்து நிற்கும். தேன்கூடு தொங்கினால் சத்தம் போடாதீர்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீக் காலம் என்பதால் பாதைகளை மூடிவிடுவது வழக்கம்.

பொங்கலை ஒட்டி வருகிறீர்கள் என்றால் என் பதிலே மாறிவிடும். சென்னையில் இரண்டு நாளை விட்டுவிட்டு ஜல்லிக்கட்டு பார்க்க ராத்திரி ரயிலில் மதுரைக்குப் போய்விடுங்கள். பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப்பொங்கலன்று பாலமேடு, காணும் பொங்கலன்று அலங்காநல்லூர். வாடிவாசலிலிருந்து காளை வெளியே பாயும்போது அதன் திமிலைத் தழுவி, குறித்த தூரம் வரை பிடியை விடாமல் போகவேண்டும். கொம்பையோ வாலையோ பிடித்தால் செல்லாது. பல காளைகள் யாரையும் அண்டவிடாமல் நின்று விளையாடிவிட்டுப் போகும், அதற்குத்தான் கைதட்டல் அதிகம். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பதிவும் மருத்துவப் பரிசோதனையும் முடித்த வீரர்களைத் தவிர வேறு யாரும் களத்தில் இறங்கக்கூடாது. வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சுற்றுலாத் துறை தனி கேலரி ஏற்பாடு செய்வது வழக்கம். மதுரையில் இருக்கும் அவர்களது அலுவலகத்தில் முந்தின நாளே பாஸ்போர்ட்டோடு போய் விசாரித்துவிடுங்கள். ஆட்டம் காலையிலேயே தொடங்கிவிடும், அதற்கு வெகுமுன்பே போலீஸ் சாலையை அடைத்துவிடும் என்பதால் இருட்டோடு கிளம்புங்கள். காளை வெளியேறும் பாதையில், வேலிக்கு வெளியே நின்றால்கூட ஆபத்து உண்டு. காயம்படும் பார்வையாளர்களில் பலர் அந்த இடத்தில் நின்றவர்கள்தான். கேலரியில் இடம் கிடைத்தால் மட்டும் பாருங்கள், இல்லையென்றால் ஊர்க்காரர் வீட்டு மொட்டைமாடி ஏதாவது கிடைக்குமா என்று கேளுங்கள்.